இடம் வேறு, சூழல் வேறு: செருப்பு ஆர்க்கிட் வளர்ப்பு எழுத்துகள் பற்றி

செருப்பு ஆர்க்கிட் வளர்ப்பைப் பற்றி எழுதப்பட்டவற்றில் பெரும்பகுதி ஒரே அச்சில் வார்த்தவை. வெளிச்சம்: மிதமாக, நேர் வெயில் கூடாது. வெப்பம்: இலையில் திட்டுத்திட்டாகக் கோலம் இருந்தால் கதகதப்பு, வெறும் பச்சை என்றால் குளிர்ச்சி. ஈரப்பதம்: 50 முதல் 60 சதவீதம். கலவை: பொடித்த மரப்பட்டை, கொஞ்சம் பெர்லைட், கொஞ்சம் கரி. தண்ணீர்: காயவும் விடாதே, தேங்கவும் விடாதே. அவ்வளவுதான். நர்சரியில் செடியோடு தரும் துண்டுச்சீட்டு, ஆர்க்கிட் சங்கங்களின் பராமரிப்புத் தாள், தோட்டக்கலை இதழ்க் கட்டுரை, யூடியூப் காணொளி, எதை எடுத்தாலும் இதேதான். ஏழெட்டு வருஷமாக இவற்றைச் சேர்த்து வைத்துக்கொண்டிருக்கிறேன். நாற்பதுக்கு மேல் தேறும். வரிகள் இடம் மாறியிருக்கின்றன, விஷயம் மாறவில்லை.

இந்த எழுத்து வகையைத்தான் இந்தக் குறிப்பில் விமர்சிக்கப் போகிறேன். ஒரு செடி எங்கே, எப்படி வாழ்கிறது என்பதை இது ஏன் சொல்வதில்லை, சொல்ல முயன்ற புத்தகங்கள் என்ன செய்தன, சொன்னதால் என்ன ஆயிற்று என்பதுதான் கேள்வி.

முதலில் புதியவர்களுக்காக இரண்டு வரி. ஆர்க்கிட் குடும்பத்தில் கீழிதழ் பை மாதிரி, பழைய காலத்துச் செருப்பின் முன்பக்கம் மாதிரி குழிந்திருக்கும் கூட்டம் ஒன்று உண்டு. ஐந்து பேரினங்கள். அதில் வெப்பமண்டல ஆசியாவில் வாழ்வது பாஃபியோபெடிலம். தொட்டியில் வளர்ப்பவர்கள் 'பாஃப்' என்று சுருக்கமாகச் சொல்வார்கள். பூச்சி அந்தப் பைக்குள் விழுந்து, பின்பக்கமுள்ள குறுகலான வழியாக வெளியேறும்போது மகரந்தம் முதுகில் ஒட்டிக்கொள்ளும். டார்வின் 1862இல் எழுதிய ஆர்க்கிட் புத்தகத்தில் இதை வேறுமாதிரி யூகித்திருந்தார்; பூச்சி வெளியே உட்கார்ந்து பக்கத்துத் துளை வழியாக நாக்கை நீட்டும் என்று. அமெரிக்காவிலிருந்து ஆசா கிரே 'அப்படி இல்லை, உள்ளே நுழைந்துதான் வெளியே வருகிறது' என்று சொன்னபிறகு, டார்வின் ஒரு சின்னத் தேனீயைப் பைக்குள் விட்டுப் பார்த்து, 1877 பதிப்பில் திருத்திக்கொண்டார். பூச்சி இல்லாமல் பூவை மட்டும் மேசையில் வைத்துப் பார்த்ததில் டார்வினுக்கே இப்படி ஆயிற்று என்பதற்காகச் சொல்கிறேன்.

இனி அந்த இலைக்கோல விதிக்கு வருவோம். எனக்கு இதன்மேல்தான் பெரிய மனக்குறை. ஏனென்றால் இது பொய் இல்லை. நிறைய செடிகளுக்குப் பொருந்துகிறது. அதனால்தான் நூறு வருஷத்துக்கும் மேலாக உயிரோடு இருக்கிறது. பூக்கடைகளில் பரவலாகக் கிடைக்கும் 'மாடியே' வகைக் கலப்பினங்களுக்குக் கோலம் போட்ட இலை, அவற்றுக்குக் கதகதப்பும் பிடிக்கும். சரி. ஆனா யுன்னான், குய்சோ மலைகளில் 1000 மீட்டருக்கு மேலே வளரும் ஆர்மேனியாக்கம், மைக்ராந்தம் இரண்டுக்கும் பளிச்சென்ற கோல இலை. இரண்டுமே குளிர் தாங்குபவை. இமயமலை அடிவாரத்து வெனுஸ்டமும் அப்படியே. மறுபக்கம், தாய்லாந்தின் கடலோரச் சுண்ணாம்புப் பாறைகளில் கிட்டத்தட்ட கடல்மட்டத்திலேயே வெந்துகொண்டிருக்கும் எக்சுலுக்கு வெறும் பச்சை இலை. கினபாலு மலையின் ராத்ஸ்சைல்டியானத்துக்கும் பச்சை இலைதான், அதுவும் கதகதப்புக்காரன். இத்தனை விதிவிலக்குகளுக்கும் தனித்தனியாக ஒட்டுப்போட்டால் மிஞ்சுவது விதி இல்லை, ஒட்டுதான். எங்கள் தொழிலில் இந்த மாதிரி நிரலை யாரும் தொடப் பயப்படுவார்கள்.

இந்த விதி எங்கிருந்து வந்தது? காட்டிலிருந்து வரவில்லை. இங்கிலாந்தின் கண்ணாடி வீடுகளிலிருந்து வந்தது. 19ஆம் நூற்றாண்டில் வெப்பமண்டலச் செடி என்றாலே கொதிக்கிற ஈர அறைதான் என்று நினைத்து ஆயிரக்கணக்கில் ஆர்க்கிட்களை அவித்துக் கொன்றார்கள். பிறகு புத்தி வந்து வெப்பம், நடுத்தரம், குளிர்ச்சி என்று மூன்று விதமான வீடு கட்டினார்கள். அதில் மிகவும் சூடான வீட்டுக்குப் பெயர் 'கிழக்கிந்திய வீடு'. கிழக்கிந்தியா என்றால் சூடு, அவ்வளவுதான் அவர்களுக்கு! புதுச் செடி கப்பலில் வந்து இறங்கியதும் தோட்டக்காரருக்கு இருந்த ஒரே கேள்வி, இதை எந்த வீட்டில் வைப்பது என்பதுதான். இலைக்கோல விதி அந்தக் கேள்விக்கான பதில். நிலக்கரிச் செலவைக் குறைக்கும் குறிப்பு. நம் பால்கனியில் கண்ணாடி வீடும் இல்லை, கொதிகலனும் இல்லை, அந்தக் கேள்வியும் இல்லை. பதில் மட்டும் அப்படியே வந்து சேர்ந்திருக்கிறது.

ஈரப்பதக் கணக்கு இன்னும் மோசம். '60 சதவீதம்' என்று எண் போட்டதும் ஏதோ அளந்து சொன்ன மாதிரி தோன்றும். ஆனால் சார்பு ஈரப்பதம் வெப்பத்தோடு சேர்த்துப் படிக்க வேண்டிய எண். 20 டிகிரியில் 60 சதவீதம் என்றால் காற்று இலையிலிருந்து நீரை இழுக்கும் விசை, அதாவது நீராவி அழுத்தப் பற்றாக்குறை, 0.94 கிலோபாஸ்கல். 30 டிகிரியில் அதே 60 சதவீதத்துக்கு 1.7. கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. தாள் இரண்டையும் ஒன்று என்கிறது. பெங்களூரில் என் பால்கனியில் ஒரு மாடியே கலப்பினம் இருக்கிறது. பக்கத்தில் ஒரு சின்ன உணரியை வைத்துப் பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை வெப்பமும் ஈரப்பதமும் பதிவாகிற மாதிரி செய்திருக்கிறேன். மார்ச் மாதப் பிற்பகலில் 33 டிகிரி, 25 சதவீதம், பற்றாக்குறை 3.8. அன்று இரவே 21 டிகிரி, 58 சதவீதம், பற்றாக்குறை 1. ஒரே நாளில் நான்கு மடங்கு ஏறி இறங்குகிறது. பாஃபுக்கு வேறு பல ஆர்க்கிட்களைப் போல நீர் சேமிக்கும் கிழங்குபோன்ற தண்டு கிடையாது. ரோமம் மூடிய வேர், தடித்த இலை, அவ்வளவே கையிருப்பு. அப்படிப்பட்ட செடிக்கு முக்கியம் நாள் முழுதும் அந்த இழுப்பு எப்படி மாறுகிறது என்பது. சராசரி எண் ஒன்றைச் சொல்லி என்ன பயன்?

இந்தத் தாள்களின் குறையை ஒரே உதாரணத்தில் காட்ட முடியும். இன்சிக்னே என்றொரு பாஃப். மேகாலயத்தின் காசி மலைக்காரன். வாலிக் அனுப்பி, 1820இல் இங்கிலாந்தில் பூத்து, அடுத்த வருஷம் லிண்ட்லி பெயரிட்டார். சுண்ணாம்புப் பாறைகளில், அருவிகளுக்குப் பக்கத்தில் வளர்வது. இன்னொன்று துருரி. தென்னிந்தியாவில் இயற்கையாக வளரும் ஒரே செருப்பு ஆர்க்கிட். அகத்தியமலைத் தொடரைத் தவிர உலகத்தில் வேறெங்கும் இல்லை. பொதிகை என்று நாம் சொல்கிற அதே மலை. அதற்கு மிக அருகிலுள்ள வேறு பாஃப் இரண்டாயிரம் கிலோமீட்டருக்கும் அப்பால் இருக்கிறது. கர்னல் ஹீபர் துருரி 1865இல் திருவிதாங்கூர் மலைகளில் கண்டெடுத்தது; சென்னை மாகாண வனத்துறையில் இருந்த பெட்டோம் 1874இல் படத்தோடு வெளியிட்டார். மஞ்சள் பூ, மேலிதழின் நடுவிலும் பக்க இதழ்களிலும் கரும்பழுப்புக் கோடு. வகைப்பாட்டில் இன்சிக்னேயும் துருரியும் ஒரே பிரிவு. இரண்டுக்கும் வெறும் பச்சை இலை. ஆகவே பராமரிப்புத் தாளில் இரண்டுக்கும் ஒரே வரி: குளிர்ச்சி, குளிர்காலத்தில் தண்ணீரைக் குறை, கொஞ்சம் சிப்பித்தூள் கலந்துகொள்.

இப்போது இரண்டு மலைகளையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். காசி மலையின் சிரபுஞ்சியில் கோடையில் கொட்டும் மழை உலகப் புகழ் பெற்றது. ஆனா டிசம்பர், ஜனவரியில் அங்கே குடிக்கவே தண்ணீர் தேடுவார்கள். ஜனவரி இரவு 10 டிகிரிக்குக் கீழே போகும். ஜனவரிக்கும் ஜூலைக்கும் சராசரியில் எட்டு ஒன்பது டிகிரி வித்தியாசம். அகத்தியமலை நிலநடுக்கோட்டிலிருந்து எட்டரை டிகிரியில் இருக்கிறது. திருவனந்தபுரத்தின் ஆண்டுச் சராசரி 27 டிகிரி என்று வைத்து, 1000 மீட்டருக்கு 6 டிகிரி குறைத்தால், 1500 மீட்டரில் சுமார் 18 வரும். மாதத்துக்கு மாதம் வித்தியாசம் இரண்டு மூன்று டிகிரிதான். ஒரே நாளின் பகலுக்கும் இரவுக்கும் உள்ள வித்தியாசம் அதைவிட அதிகம். மழை இரண்டு முறை: தென்மேற்குப் பருவம், பிறகு வடகிழக்குப் பருவம். காய்ச்சல் ஜனவரியிலிருந்து இரண்டு மூன்று மாதம், அப்போதும் மேகமும் பனிமூட்டமும் வந்து நனைத்துவிட்டுப் போகும். 'குளிர்காலம்' என்று தனியாக ஒன்று அங்கே இல்லை. பாறையும் சார்னோகைட், நைஸ் வகை. சுண்ணாம்புப் பாறை கிடையாது. காட்டு நிழலைவிட, புல்லுக்கும் பாறைக்கும் நடுவே திறந்த வெளிச்சத்தில், நீளமாக ஓடும் வேர்த்தண்டோடு வளர்கிற செடி இது. இத்தனைக்கும் தாளில் ஒரே வரி.

அகத்தியர்கூடத்துக்குக் கேரள வனத்துறை வருஷா வருஷம் அனுமதிச்சீட்டுக் கொடுத்து நடத்தும் மலையேற்றத்தில் நான் ஒருமுறை போயிருக்கிறேன், போணக்காடு வழியாக. அந்தச் செடியைப் பார்க்கவில்லை, தேடவும் இல்லை. பையில் ஒரு வெப்பமானி இருந்தது. மேலே கணக்குப் போட்ட எண்ணுக்கு ஒத்துவந்தது என்பதைவிட, எனக்குப் பாடமாக இருந்தது வேறு: முற்பகல் பதினொன்று வரை கண் கூசும் வெயில், பதினைந்து நிமிஷத்தில் மூட்டம் ஏறி முழங்கை மயிரெல்லாம் நீர்த்துளி. 'மிதமான வெளிச்சம்' என்று தாள் சொல்வது இந்த இரண்டின் சராசரியாக இருக்கலாம். ஆனால் செடி சராசரியில் வாழவில்லை. முதலில் வெயிலிலும் பிறகு மூட்டத்திலும் வாழ்கிறது.

சரி, இந்த எழுத்தாளர்களுக்குக் காடு தெரியாதா? இங்கேதான் வரலாறு சுவாரஸ்யமாகிறது. தெரிந்தவர்கள் மறைத்தார்கள். ராத்ஸ்சைல்டியானத்தை 1880களின் கடைசியில் விற்பனைக்குக் கொண்டுவந்த சாண்டர் கம்பெனி, அது நியூகினியிலிருந்து வந்தது என்றது. உண்மையில் போர்னியோவின் கினபாலு மலைச் சரிவு. போட்டியாளர்களைத் திசைதிருப்பச் சொன்ன பொய் தாவரவியல் நூல்களிலும் ஏறிவிட்டது. 1959இல்தான் கினபாலுவில் அந்தச் செடியை மறுபடி பார்த்தார்கள். 1857இல் பெயரிடப்பட்ட ஃபேர்ரியானம் 'அசாம்' என்ற ஒற்றைச் சொல்லோடு வந்தது. தோட்டங்களில் இருந்த செடிகள் அழிந்தபிறகு எங்கே போய்த் தேடுவது என்று யாருக்கும் தெரியவில்லை. ஆயிரம் பவுண்டு பரிசு அறிவித்தும் பார்த்தார்கள். 1905 வாக்கில்தான் பூட்டான் பக்கம் திரும்பக் கிடைத்தது. ஆக, ஊர்பேர் சொல்லாமல் செடியை விற்பது ஒரு வியாபார மரபு. பராமரிப்புத் தாள் அந்த மரபின் குழந்தை. காட்டைப் பற்றி எதுவும் சொல்லாமலே செடியை உயிரோடு வைத்திருக்க வழி சொல்ல வேண்டும் என்ற தேவையில் பிறந்தது.

இதில் எனக்கு மிகவும் பிடித்த வழக்கு டெலநாட்டியையுடையது. முதல் உலகப்போருக்குச் சற்று முன்பு பிரெஞ்சுப் படையினர் வடக்கு வியத்நாமிலிருந்து கொண்டுவந்ததாகச் சொல்லி, 1924இல் பெயரிடப்பட்ட இளஞ்சிவப்புப் பூ. பல பத்தாண்டுகளுக்கு உலகத் தோட்டங்களில் இருந்த டெலநாட்டி அத்தனையும் பிரான்சில் ஒரே நர்சரி காப்பாற்றிய செடியின் விதை வம்சம். அதன் நெருங்கிய உறவுகள் எல்லாம் சுண்ணாம்புப் பாறையில் வாழ்பவை என்பதால், இதற்கும் சுண்ணாம்பு போடு என்பது தர்க்கம். 1990களில் காட்டில் திரும்பக் கண்டார்கள். இடம் வியத்நாமின் தெற்குப் பகுதி. பாறை கிரானைட், அமிலத்தன்மை உள்ள மண். இடத்தைப் பற்றிச் சொல்லப்பட்டதும் சரியில்லை, சூழலைப் பற்றி யூகித்ததும் சரியில்லை. கண்டுபிடித்த கையோடு மூட்டை மூட்டையாகப் பிடுங்கி விற்றார்கள் என்பது கதையின் மறுபாதி.

வியாபாரிகள் மறைத்ததைத் தாவரவியலாளர்கள் சொன்னார்கள். ஆனால் எதைச் சொன்னார்கள்? ஃபிலிப் கிரிப் எழுதிய பாஃபியோபெடிலம் பேரின நூல், 1987 முதல் பதிப்பு, 1998 இரண்டாம் பதிப்பு, இந்தத் துறையின் ஆதார நூல். கியூ தோட்டத்தின் உலர்செடித் தொகுப்பை வைத்து ஒவ்வொரு சிற்றினத்துக்கும் பெயர்ச் சிக்கலைத் தீர்த்து, பரவலைச் சொல்லி, படத்தோடு தருகிறது. எனக்கு அதன்மேல் மரியாதை அதிகம். ஆனா உலர்செடி அட்டையில் என்ன எழுதியிருக்குமோ அதுதான் இந்த வகை நூலுக்குள் வரமுடியும்: மலைப்பெயர், உயரம், தேதி, சேகரித்தவர் பெயர், அதிர்ஷ்டம் இருந்தால் 'பாறையிடுக்கில்' என்றொரு சொல். இடம் துல்லியமாக இருக்கிறது. சூழல் ஒரு வரியில் நின்றுவிடுகிறது. வளர்ப்பவனுக்கு வேண்டியது நேர்மாறு. எந்த மலை என்று தெரிந்து நான் என்ன செய்யப் போகிறேன்? அந்த மலையில் பாறைமேல் எத்தனை அங்குல மட்கு, அதன் பி.எச். எவ்வளவு, வேரைத் தாண்டி நீர் ஓடுகிறதா கசிகிறதா, மதியம் யார் நிழல் தருகிறார்கள் என்றுதான் தெரியவேண்டும். சுண்ணாம்புப் பாறைச் செடி என்றாலே வேர் சுண்ணாம்பில் இருக்கிறது என்று நினைத்துவிடுகிறோம். பெரும்பாலும் வேர் இருப்பது பாறைக்குழியில் சேர்ந்த இலைமட்கிலும் பாசியிலும். பாறை என்பது தொட்டி. தொட்டியைப் பார்த்துக் கலவையை முடிவுசெய்வது போலத்தான் சிப்பித்தூள் ஆலோசனை.

லான்ஸ் பர்க் 1983இல் எழுதிய வளர்ப்புக் கையேடு வேறு ரகம். வளர்ப்பவரே காட்டுக்குப் போய்ப் பார்த்து எழுதியது. உயிர்ப்பான பக்கங்கள். ஆனால் அந்தக் காலத்தில் காட்டுக்குப் போவதும் செடி எடுப்பதும் ஒரே பயணம் என்பதை மறந்துவிட்டு அதைப் படிக்க முடியாது.

நான் தேடிய புத்தகத்துக்கு மிக அருகில் வருவது 2003இல் வெளிவந்த 'வியத்நாமின் செருப்பு ஆர்க்கிட்கள்'. அவெரியானோவ், கிரிப், ஃபான் கே லோக், நுயென் தியென் ஹியெப் நால்வர் எழுதியது. இதன் சிறப்பு வரிசையில் இருக்கிறது. பூவில் ஆரம்பிக்காமல் நாட்டின் பாறை, மழை, காடு என்று ஆரம்பிக்கிறது. சுண்ணாம்புக் குன்றின் உச்சியில் என்ன மரம், விளிம்பில் என்ன செடி, எந்த மாதத்தில் மூட்டம் என்பதெல்லாம் முடிந்தபிறகே செருப்பு ஆர்க்கிட் வருகிறது. படிக்கிறவன் செடியைச் சந்திக்கும்போது அதன் ஊர்க்காரனாகிவிடுகிறான். வளர்ப்புக் கையேடு என்று எங்கும் சொல்லிக்கொள்ளாத இந்தப் புத்தகத்திலிருந்து நான் கற்ற வளர்ப்பு, நாற்பது தாள்களிலிருந்து கற்றதைவிட அதிகம்.

இந்தப் புத்தகத்தின் நாட்டில்தான் அந்தக் கசப்பான கதையும் நடந்தது. 1999இல் வியத்நாமென்சே என்று ஒரு புதுச் சிற்றினத்துக்குப் பெயர் வைத்தார்கள். வடக்கு வியத்நாமில் ஒரு சின்னப் பகுதிச் சுண்ணாம்புக் குன்றுகள் மட்டுமே அதன் உலகம். சில வருஷத்துக்குள் தெரிந்த இடங்களிலிருந்து கிட்டத்தட்ட முழுதுமாகப் பிடுங்கப்பட்டுவிட்டது. 1990லேயே பாஃபியோபெடிலம் முழுதும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் முதல் பட்டியலுக்குப் போய், காட்டுச்செடியின் சர்வதேச வியாபாரம் தடையாகியிருந்தது. தடுக்க முடியவில்லை. பாஃபை மற்ற ஆர்க்கிட் மாதிரி திசுவிலிருந்து லட்சக்கணக்கில் நகலெடுப்பது மிகவும் கடினம் என்பது ஒரு காரணம். விதையிலிருந்து பூக்கும்வரை வருஷக்கணக்கில் காத்திருக்க வேண்டும். காட்டில் பிடுங்கினால் இன்றே பூத்த செடி.

துருரியின் கதையும் அதேதான், முப்பது வருஷம் முன்னதாக. பல பத்தாண்டுகள் யார் கண்ணிலும் படாமல் இருந்து, 1970களில் மறுபடி கண்டறியப்பட்டது. உடனே சேகரிப்பாளர்கள் ஏறினார்கள். இன்று ஐ.யு.சி.என். பட்டியலில் மிக அருகிய நிலை. நம் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் அட்டவணையில் செருப்பு ஆர்க்கிட் மொத்தமும் பெயர் சொல்லிச் சேர்க்கப்பட்டிருக்கிறது.

அகத்தியமலைச் செடிகள் பற்றி நான் முன்பு எழுதிய ஒரு குறிப்பைப் படித்துவிட்டு ஒருவர் மின்னஞ்சல் அனுப்பினார். மிகவும் மரியாதையான கடிதம். 'சார், துருரி எந்தப் பக்கச் சரிவில் இருக்கிறது, கூகுள் வரைபடத்தில் குறித்து அனுப்ப முடியுமா, வளர்ப்புக்கான சூழலைப் புரிந்துகொள்ளத்தான்' என்று. அவர் உண்மையாகவே அதற்காகக் கேட்டிருக்கலாம். ஆனால் சூழலைப் புரிந்துகொள்ள வரைபடப் புள்ளி தேவையே இல்லை. மேலே போட்ட வெப்பக் கணக்கு, மழை மாதங்கள், பாறை வகை, வெளிச்சம் எல்லாம் எழுதி அனுப்பினேன், சரிவை மட்டும் விட்டுவிட்டேன். இந்தக் கட்டுரையிலும் அதை எழுதவில்லை, கவனித்திருப்பீர்கள். அவரிடமிருந்து பதில் இல்லை.

இடத்தையும் சூழலையும் பிரித்து எழுத முடியும் என்பதுதான் என் வாதம். இதற்கு ஒரு வலுவான மறுப்பு இருக்கிறது, அதைத் தாண்டிப் போக எனக்கு மனமில்லை. பரவலான சிற்றினத்துக்கு இது சரி. நூறு குன்றுகளில் வாழும் செடிக்குச் சூழலை எவ்வளவு விளக்கினாலும் எந்தக் குன்று என்று தெரியாது. துருரி மாதிரி ஒரே மலைத்தொடரின் சில சரிவுகளில் மட்டும் இருப்பதற்குச் சூழலை நன்றாக எழுதினாலே இடம் வெளியே வந்துவிடும். உயரம், பாறை, சரிவின் திசை மூன்றும் தெரிந்தால் செயற்கைக்கோள் படத்தை வைத்து ஒரு சனிக்கிழமை மதியத்துக்குள் நானே ஐந்தாறு இடமாகச் சுருக்கிவிடுவேன். மோசமான எண்ணம் உள்ளவனுக்கு இன்னும் குறைந்த நேரம் போதும்.

ஐநேச்சுரலிஸ்ட் தளம் இதற்கு ஒரு பொறியியல் தீர்வு வைத்திருக்கிறது. ஆபத்திலுள்ள சிற்றினம் என்றால் உண்மையான புள்ளியைக் காட்டாமல், 0.2 டிகிரிக் கட்டத்துக்குள், அதாவது சுமார் 22 கிலோமீட்டர் சதுரத்துக்குள், எங்கோ ஒரு புள்ளியைக் காட்டும். நல்ல ஏற்பாடு. ஆனால் மலையில் 22 கிலோமீட்டர் என்றால் கடல்மட்டத்து ரப்பர் தோட்டமும் 1800 மீட்டர் உச்சியும் ஒரே கட்டத்தில் வந்துவிடும். இடத்தை மறைக்கப்போய்ச் சூழலையும் சேர்த்து அழித்துவிடுகிறது. அந்தப் புள்ளியை எடுத்துத் தட்பவெப்பத் தரவோடு சேர்க்கிறவருக்குக் கிடைப்பது குப்பை. மலைப்பெயரும் ஆயத்தொலையும் போகட்டும், அதற்குப் பதிலாக அளந்த எண்களைப் போடலாம்: ஆண்டு முழுவதுமான வெப்ப வரைகோடு, நீராவி அழுத்தப் பற்றாக்குறை, வேர் இருக்கும் மட்கின் பி.எச்., ஒரு நாளில் எத்தனை மணி நேரம் நேர் வெயில். இவற்றைத் தலைகீழாகப் போட்டு இடத்தைக் கண்டுபிடிப்பது அசாத்தியம் இல்லை, ஆனா கடினம். வளர்ப்பவருக்கோ இவைதான் நேரடியாகப் பயன்படுபவை. பராமரிப்புத் தாளின் ஒரு பக்கத்துக்குள்ளேயே இவற்றுக்கு இடம் இருக்கிறது. மிகக் குறுகிய பரவல் உள்ளவற்றுக்கு எண்களையும் தோராயமாக்கித்தான் தரவேண்டியிருக்கும்; துருரிக்கு நான் அப்படித்தான் செய்வேன்.

இது நடக்காத காரியம் என்று நினைப்பவர்களுக்காக இங்கிலாந்தின் உதாரணம். அங்கே இயற்கையாக வளரும் செருப்பு ஆர்க்கிட், சிப்ரிபீடியம் கால்சியோலஸ், பறித்துப் பறித்தே தீர்ந்துபோய், 1917இல் அழிந்துவிட்டதாக அறிவிக்கப்பட்டது. 1930இல் யார்க்ஷயரில் ஒரே ஒரு செடி அகப்பட்டது. அந்த இடம் பொத்திவைத்த ரகசியம். அதைக் காக்கத் தனிக் குழுவே உண்டு, பூக்கும் காலத்தில் காவலுக்கு ஆள் போடுவார்கள். ஆனால் அதன் சூழல் ரகசியமாக வைக்கப்படவில்லை. சுண்ணாம்பு மண், திறந்த காட்டு விளிம்பு, குளிர்ந்த சரிவு என்று எல்லோருக்கும் தெரியும். கியூ தோட்டத்து ஆய்வகத்தில் விதையிலிருந்து நாற்றுகள் வளர்த்து, பொருத்தமான வேறு இடங்களில் நட்டார்கள். லங்காஷயரின் கெயிட் பாரோஸ் காப்பகத்தில் நட்டவற்றை யார் வேண்டுமானாலும் போய்ப் பார்க்கலாம், படம் எடுக்கலாம். யார்க்ஷயர்ச் செடியின் இடத்தை இன்றும் வெளியே சொல்வதில்லை.